இரணைமடுவின் மேல் பெய்யும் மழை

கிளிநொச்சி நகருக்குத் தெற்கே கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடுக் குளம் வட மாகாணத்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். வவுனியா மாவட்டத்துக் காடுகளில் தொடங்கும் ஆறு கனகராயன்குளம், மாங்குளம் பக்கமாக வடக்கு நோக்கி வந்து இந்தக் குளத்தில் தேங்குகிறது. மிஞ்சிய நீர் வான் பாய்ந்து, கண்டாவளைத் தாழ்நிலங்களைக் கடந்து, சுண்டிக்குளம் கடல் நீரேரியில் சேருகிறது. குளத்தின் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களை நம்பி 20,000 ஏக்கருக்கும் மேற்பட்ட வயல்நிலம் இருக்கிறது. இத்தனைக்கும் ஆதாரம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றோடு வரும் மழை. வைகாசியில் சோளகம் வீசத் தொடங்கினால் பின்னர் பல மாதங்களுக்கு வானத்திலிருந்து எதிர்பார்க்க அதிகம் இல்லை. நான்கு மாத மழையைப் பிடித்து வைத்து ஆண்டு முழுவதும் வாழ்வதே இந்தப் பிரதேசமான வன்னியின் கமம். ஆகவே அந்த மழையின் இயல்பு மாறினால் வன்னியில் எல்லாமே மாறும். உலகக் காலநிலை மாற்றம் இங்கே நேரடியாகக் கைவைப்பது அந்த மழையில்தான்.

இக்குளத்தை அமைக்கும் யோசனை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானிய நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கரிடமிருந்து வந்தது. 1902இல் வேலை தொடங்கி 1920இல் முடிந்தது. 1950களில் அணைக்கட்டு உயர்த்தப்பட்டது. 1975 முதல் 1977 வரை நடந்த வேலைகளின் பின்னர் கொள்ளளவு 131 மில்லியன் கனமீற்றர் ஆனது. உள்நாட்டுப் போருக்குப் பிந்திய புனரமைப்பில் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர, கொள்ளளவு ஏறத்தாழ 148 மில்லியன் கனமீற்றரை எட்டியது.

குளம் உயர்ந்த அதே காலத்தில் காற்றில் இன்னொன்றும் உயர்ந்துகொண்டிருந்தது. தொழிற்புரட்சிக்கு முன்னர் வளிமண்டலத்தில் ஒரு மில்லியன் பங்கு காற்றுக்குக் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 280 பங்கு இருந்தது. இரணைமடு முதன்முதலில் நிறைவுற்ற 1920இல் அது 303 அளவில் நின்றது. 1977இல் 333ஐத் தாண்டியது. புனரமைக்கப்பட்ட குளம் திறந்து வைக்கப்பட்ட 2018இல் 408. இன்று 420க்கும் மேல். அணைக்கட்டின் உயரத்தையும் வான்கதவுகளின் அகலத்தையும் தீர்மானிக்கும் பொறியியலாளர், கடந்த காலத்தில் பெய்த மழையின் பதிவுகளை வைத்தே வருங்கால வெள்ளத்தைக் கணிப்பார். நேற்று பெய்தது போலத்தான் நாளையும் பெய்யும் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. அந்த அடிப்படை இப்போது ஆட்டங்கண்டுவிட்டது.

காபனீரொட்சைட்டு ஏன் உயர்ந்தது என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்று ஐயம் இல்லை. நிலக்கரி, பெற்றோலியம், இயற்கை வாயு ஆகியவை கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிலத்துக்கடியில் அடைபட்டுக் கிடந்த காபன். மின்னிலையத்திலும் தொழிற்சாலையிலும் வாகனத்திலும் அவற்றை எரிக்கும்போது அந்தக் காபன் வாயுவாகி மேலே போகிறது. காட்டை வெட்டி எரித்தால் மரத்தில் சேர்ந்திருந்த காபனும் அதே வழியில் போகிறது. சீமெந்து உற்பத்தியில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போதும் அது வெளியேறும். கால்நடைகளின் குடலிலிருந்தும், குப்பைமேடுகளிலிருந்தும், நீர் நின்ற நெல்வயல்களிலிருந்தும் மெதேன் வருகிறது. யூரியா போன்ற நைதரசன் பசளைகளிலிருந்து நைதரசு ஒட்சைட்டு வருகிறது. சூரிய ஒளியை உள்ளே விடும் இந்த வாயுக்கள், சூடான நிலம் திருப்பியனுப்பும் வெப்பத்தை விண்வெளிக்குப் போகவிடாமல் பெருமளவில் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. காற்றில் காபனீரொட்சைட்டு கூடினால் பூமி சூடேறும் என்பதைச் சுவீடன் நாட்டு விஞ்ஞானி சுவாந்தே அரீனியஸ் 1896இலேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். இரணைமடுவில் முதல் மண் வெட்டப்படுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் அது.

காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை, பூமி சூடேறியதற்கு மனிதச் செயல்களே காரணம் என்பதை ஐயத்துக்கிடமின்றிச் சொன்னது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்தது. இந்தக் கணக்கில் வன்னியின் பங்கு மிகச் சிறியது. இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு வெளியேற்றும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரி அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து எரிபொருளால் காற்றில் சேர்ந்த காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு ஐக்கிய அமெரிக்காவினுடையது. கிளிநொச்சியில் பல ஊர்களுக்கு மின்சாரம் வந்ததே போர் முடிந்த பின்னர்தான். விளக்கில்லாமல் இருந்த ஊர்கள், வேறெங்கோ எரிந்த விளக்குகளுக்கான விலையைச் செலுத்துவது பெரும் அநீதி.

சூடான காற்றுக்கும் வாடை மழைக்கும் உள்ள தொடர்பு எளிய இயற்பியல். வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். வங்காள விரிகுடா சூடேற, அதன் மேல் உருவாகும் தாழமுக்கங்களுக்கும் புயல்களுக்கும் கிடைக்கும் ஈரமும் சக்தியும் கூடுகின்றன. ஆண்டின் மொத்த மழை கூடாவிட்டாலும், பெய்யும் நாளில் கொட்டித் தீர்ப்பதும் இடையில் நீண்ட நாட்கள் வரண்டு கிடப்பதும் இதனால் அதிகரிக்கின்றன.

இது இரணைமடுவுக்கு எவ்வளவு பெரிய விடயம் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். குளத்தின் நீரேந்து பரப்பு ஏறத்தாழ 588 சதுர கிலோமீற்றர். அதன் மேல் 300 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் 176 மில்லியன் கனமீற்றர். மண் ஏற்கெனவே ஊறிப்போயிருக்கும் மார்கழி மாதத்தில் அதில் பாதி ஓடி வந்தாலும் 88 மில்லியன் கனமீற்றர், அதாவது குளத்தின் முழுக் கொள்ளளவில் அறுபது வீதம், ஓரிரு நாட்களுக்குள் வந்து சேரும். அந்த மழை 7 வீதம் கூடினால் மேலும் ஆறு மில்லியன் கனமீற்றர் வரும். குளம் அரைவாசி வெறுமையாக இருந்தால் அதைத் தாங்கிக்கொள்ளலாம். விளிம்புவரை நிரம்பியிருந்தால் அந்த ஆறு மில்லியனும் வான்கதவு வழியாகக் கீழேயுள்ள ஊர்களுக்குத்தான் போகும்.

2018 டிசம்பரில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகள் வரட்சி. 2016 இறுதியில் பருவமழை பொய்த்து, நாற்பது ஆண்டுகளில் இலங்கை கண்ட மிக மோசமான வரட்சி தொடங்கியது. 2016இல் 44 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் உற்பத்தி 2017இல் 24 இலட்சம் தொன்னாக விழுந்தது. வடக்கில் பல குளங்களின் அடி வெடித்துக் கிடந்தது. புனரமைப்பு முடிந்த இரணைமடுவை 2018 டிசம்பர் 7ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திறந்து வைத்தார். இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 21ஆம் திகதி இரவு தொடங்கிய பெருமழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் மூழ்கின. வான்கதவுகள் திறக்கப்பட்டன. பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. பல்லாயிரம் பேர் பாடசாலைகளிலும் பொதுமண்டபங்களிலும் தங்கினர். போரில் எல்லாவற்றையும் இழந்து, திரும்பி வந்து, கடன்பட்டு வீடு கட்டியவர்களே அவர்களில் பெரும்பாலோர். ஆடுமாடுகளும் கோழிகளும் அள்ளுண்டு போயின. கதவுகளை உரிய நேரத்தில் திறந்தார்களா என்ற கேள்வி எழுந்து, வட மாகாண ஆளுநர் விசாரணைக் குழுவொன்றை நியமிக்கும் அளவுக்கு அது போனது.

கதவைத் திறக்கும் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய இழுபறி இருக்கிறது. மாரிப் பயிரான காலபோகம் பெரும்பாலும் மழையிலேயே விளையும். கோடைப் பயிரான சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைத் தைமாத முடிவில் குளத்தில் நிற்கும் நீர்தான் தீர்மானிக்கும். ஒவ்வோர் ஆண்டும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அடிக்கணக்கில் நீரை அளந்து, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பார்கள். ஆகவே மார்கழியில் கடலுக்கு விடும் ஒவ்வோர் அடி நீரும் கமக்காரரின் கண்ணில் விதைக்காமல் போகும் வயல். வெள்ளம் காக்க வேண்டிய பொறியியலாளருக்கோ அதே அடி, அடுத்த மழைக்கு ஒதுக்கி வைக்க வேண்டிய வெற்றிடம். மழை ஓரளவு சீராகப் பெய்த காலத்தில் இரண்டு பக்கமும் இணங்கிப் போக முடிந்தது. பெருவரட்சியும் பெருவெள்ளமும் இரண்டே ஆண்டு இடைவெளியில் வரும் காலத்தில் இரு தரப்பின் அச்சமும் நியாயமானதாகிவிடுகிறது. இந்த இழுபறியை வானிலை முன்னறிவிப்பால் மட்டுமே ஓரளவு தீர்க்கலாம். நீரேந்து பகுதி முழுவதும் மழைமானிகள், அவற்றின் அளவு உடனுக்குடன் வந்து சேரும் ஏற்பாடு, மூன்று நான்கு நாட்களுக்கு முன்னரே நீர்மட்டத்தைக் குறைக்கும் அதிகாரம் ஆகியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் உள்ளூர் அலுவலகத்திடம் இருக்க வேண்டும். கதவு திறக்கும் தகவல் ஊருக்குள் இரவோடிரவாகப் போய்ச் சேரவும் வேண்டும். 2020 டிசம்பரில் புரவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கை முழுவதிலும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இனி வருவதை அரிதான விபத்தாகக் கருதித் திட்டமிடுவது ஆபத்தானது.

மழை உலகத்தின் காற்றிலிருந்து வருகிறது என்றாலும் அது வெள்ளமாக மாறுவதில் உள்ளூர்க் கைகளுக்கும் பங்குண்டு. குளத்துக்கு மேலேயுள்ள காடுகளில் பாலையும் முதிரையும் வீரையும் நிற்கும்வரை மழைநீர் சருகிலும் வேரிலும் தங்கி மெல்ல இறங்கும். போர்க்காலத்திலும் அதன் பின்னரும் அந்தக் காட்டின் பகுதிகள் அழிந்தன. களவாக வெட்டப்படும் முதிரை இன்றும் லொறியில் போகிறது. வெட்டிய இடத்தில் மழை நேரே மண்ணை அடித்து, மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடுகிறது. அது குளத்தின் அடியில் வண்டலாகப் படிந்து, கோடிக்கணக்கில் செலவழித்துக் கூட்டிய கொள்ளளவை மெல்லத் தின்கிறது. வவுனியாப் பக்கத்துச் சிறுகுளங்களின் நிலையும் அப்படியே. ஒன்றின் கீழ் ஒன்றாக அமைந்த அவை முதல் மழையைப் பிடித்து வைத்து, பெரிய குளத்துக்கு நீரைத் தவணைமுறையில் அனுப்பக்கூடியவை. கட்டு உடைந்தும் தூர்ந்தும் கிடக்கும் குளம் அந்த வேலையைச் செய்யாது.

கனகராயன் ஆற்றில் மணல் அள்ளுவது இன்னொரு கேடு. போருக்குப் பின் வடக்கெங்கும் வீடும் வீதியும் கட்ட மணல் வேண்டியிருந்தது. அனுமதியோடும் அனுமதியில்லாமலும் டிப்பர்கள் ஆற்றுக்குள் இறங்கின. ஆற்றுப்படுகை தாழ்ந்தால் கரை சரியும், பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கும், கடலுக்கு அண்மையில் உவர்நீர் மேலேறும். வெள்ளம் பரவ வேண்டிய தாழ்நிலத்தில் குடியேற்றங்கள் எழுந்ததும் இழப்பைப் பெருக்கியது. காணியில்லாத குடும்பங்கள் கிடைத்த இடத்தில் குடிசை போட்டதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. மேட்டுக்காணி கொடுத்திருக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை.

வெள்ளம் ஒரு பக்கம் என்றால் வெயில் மறுபக்கம். கோடையில் உலர்வலயக் குளங்களின் மேற்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் அளவில் நீர் ஆவியாகிறது. நான்கு மாதத்தில் அது 600 மில்லிமீற்றர், ஏறத்தாழ இரண்டு அடி. பெருஞ்செலவில் அணையை உயர்த்திக் கிடைத்த இரண்டு அடியை ஒரு கோடை குடித்துவிடுகிறது. வெப்பநிலை உயர உயர இந்த இழப்பும் கூடும். நெற்பயிருக்கும் வெப்பம் பகை. நெற்பூ காலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே மலர்ந்திருக்கும். அந்த நேரத்தில் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் வலுவிழந்து கதிர் பதராகும். சிறுபோகம் பூக்கும் ஆனி, ஆடி மாதங்களில் வன்னியின் வெயில் அந்த எல்லையை அடிக்கடி தொடுகிறது. காலபோகத்துக்கு வேறு தொல்லை: அறுவடைக்கு நிற்கும் பயிரின் மேல் தை, மாசியில் பெய்யும் பருவந்தவறிய மழை. சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துவிடும்.

நீர் அரிதானால் அதைப் பங்கிடுவதும் கசக்கும். இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு வகுக்கப்பட்டபோது கிளிநொச்சிக் கமக்காரர் அதை எதிர்த்தனர். யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று கலந்திருப்பதும் உண்மை, சிறுபோகத்துக்கு நீர் போதாமையும் உண்மை. இறுதியில் மாற்றுவழியாக வடமராட்சி கிழக்கில் தாழையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீரைக் கடல்நீரிலிருந்து பெறும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க மின்சாரம் நிறைய வேண்டும். நாட்டின் மின்சாரத்தில் கணிசமான பங்கு நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி நிலையத்திலிருந்து வருகிறது. காலநிலை தரும் தாகத்தைத் தீர்க்கும் வேலையே காலநிலையைக் கெடுக்கும் எரிபொருளில் நடக்கக் கூடாது. 2030இல் மின்சாரத்தின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதும் 2050இல் காபன் சமநிலையை அடைவதும் இலங்கை அறிவித்த இலக்குகள். மன்னாரில் 103.5 மெகாவாற் வலுக்கொண்ட தம்பபவனி காற்றாலைகள் ஏற்கெனவே சுழல்கின்றன. சோளகமும் வெயிலும் தாராளமாகக் கிடைக்கும் வடக்குக்கு இந்த வழி பொருத்தமானது. காற்றாடிகள் நிறுத்தும் இடத்தைத் தேர்வதில் அங்குள்ள மக்களையும் பறவைகளின் வலசைப் பாதையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வயல்களும் இந்தக் கதையில் ஒரு தரப்பு. நீர் நிற்கும் வயலில் மண்ணுக்குள் ஒட்சிசன் போகாது. அங்கே வைக்கோலும் வேரும் அழுகும்போது நுண்ணுயிர்கள் மெதேனை உண்டாக்க, அது பெரும்பாலும் நெல்லின் தண்டு வழியாகவே மேலே வருகிறது. மெதேன் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளே காற்றில் தங்கும், ஆனால் இருபது ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். மனிதச் செயல்களால் உலகில் வெளியாகும் மெதேனில் பத்திலொரு பங்கு அளவு நெல்வயல்களிலிருந்து வருகிறது. சோறு சமைக்கும் அரிசிக்காகக் கமக்காரரைக் குற்றவாளியாக்குவது தகாது. ஆயினும் அவருக்கே இலாபமான ஒரு வழி இருக்கிறது. வயலில் துளையிட்ட குழாயொன்றைப் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கிய பின்னரே மீண்டும் பாய்ச்சுவது. பூக்கும் காலத்தில் மட்டும் வயலில் நீரைத் தேங்கி நிற்க விடுவது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிவரும் இந்த முறையில் விளைச்சல் குறையாமல் நீர் முப்பது வீதம் வரை மிஞ்சும், மெதேனும் முப்பது முதல் ஐம்பது வீதம் வரை குறையும். இதற்கு இரண்டு தடை. நின்ற நீர் களையை அடக்குகிறது. அதை இறக்கினால் களை எடுக்கும் செலவு கூடும். மற்றது, வாய்க்காலில் தன் முறை தவறாமல் வரும் என்ற நம்பிக்கை இல்லாத கமக்காரர் கிடைத்தபோதே வயலை நிரப்பத்தான் செய்வார். வாய்க்காலுக்கு நீர் விடும் துருசு திறக்கும் நாளும் நேரமும் ஒழுங்காக இருந்தால் மட்டுமே இம்முறை வேர்பிடிக்கும்.

வைக்கோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையால் அறுத்துச் சூடு வைத்த காலத்தில் வைக்கோல் மாட்டுக்குத் தீனி. அறுவடை இயந்திரம் வந்தபின் அது வயலெங்கும் சிதறிக் கிடக்கிறது. அடுத்த உழவுக்கு வசதியாக அதைக் கொளுத்திவிடுவது வழக்கமாகிவருகிறது. புகையோடு மண்ணுக்கு உரமாக வேண்டிய சத்தும் போகிறது. கட்டுகளாகக் கட்டி மாட்டுப்பண்ணைகளுக்கு விற்கலாம், கூட்டெருவாக்கலாம். 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்து அரசு நெல் விளைச்சலை வீழ்த்திய அனுபவம் கமக்காரரின் மனதில் ஆறாத புண். இயற்கை உரம் என்ற சொல்லையே சந்தேகத்தோடு பார்க்கும் நிலையை அது உண்டாக்கிவிட்டது. மாற்றம் படிப்படியாக, வைக்கோலும் எருவும் கைக்கெட்டும் அளவில் கிடைத்த பின்னர் வந்திருக்க வேண்டும்.

ஆற்றின் கடைசிப் பகுதியில் கடலும் வந்து சேர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகின் சராசரிக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு மூன்றரை மில்லிமீற்றருக்கும் மேலாக அது ஏறிவருகிறது. சூடேறிய நீர் விரிவதும் பனிப்பாறைகள் உருகுவதும் காரணம். கனகராயன் ஆறு சேரும் சுண்டிக்குளமும் அதையொட்டிய ஆனையிறவு நீரேரியும் ஆழமற்றவை. சுற்றியுள்ள நிலம் கடல்மட்டத்துக்குச் சற்றே மேலானது. 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளத்துக்கு மாரிகாலத்தில் வலசைப் பறவைகள் வந்து இறங்குகின்றன. நீரேரியின் மட்டம் உயர்ந்தால், புயல் கடலைக் கரையை நோக்கித் தள்ளும் அதே நாளில் இரணைமடுவிலிருந்து திறந்துவிடும் வெள்ளம் வடிய வழியின்றிக் கண்டாவளை வயல்களில் கூடுதல் நாட்கள் நிற்கும். கோடையில் உவர்நீர் அதே வயல்களின் பக்கம் ஏறும். குளத்தின் கொள்ளளவையும் கதவுகளையும் பற்றிப் பேசும் திட்டங்கள் பெரும்பாலும் அணைக்கட்டோடு நின்றுவிடுகின்றன. கீழேயுள்ள வடிகால்களின் அகலம், பாலங்களின் உயரம், நீரேரியின் முகத்துவாரம், உவர்த்தடுப்பு அணைகள் ஆகியவற்றையும் உயரும் கடல்மட்டத்தைச் சேர்த்துப் புதிதாகக் கணக்கிட வேண்டியிருக்கிறது.